கணைய நொதிக் கேப்சூல்களும் கோடை வெப்பமும்

நாள்பட்ட கணைய அழற்சியால் கணையம் நலிந்தவர்களுக்கு, உணவைச் செரிக்கும் நொதிகளைக் கேப்சூல்களாக நாங்கள் எழுதித் தருகிறோம். அவற்றைத் தவறாமல் உட்கொண்டும் மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதக்கிறது, எடை குறைகிறது என்று சிலர் கூறுவதுண்டு. மருந்தின் அளவைக் கூட்டுமுன் நாங்கள் அவர்களிடம் கேட்பது இதுதான்: மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எதனுடன் உட்கொள்கிறீர்கள்?

இதன் காரணத்தைப் பள்ளி உயிரியல் ஆய்வகத்திலேயே காணலாம். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். மாவுக் கரைசலும் உமிழ்நீரும் கலந்த குழாய் ஒன்றை 37 டிகிரி செல்சியஸ் நீரிலும், மற்றொன்றைப் பனிக்கட்டி நீரிலும் மாணவர்கள் வைப்பர். மூன்றாவது குழாயில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரைச் சேர்ப்பர். சிறிது நேரங்கழித்து ஒவ்வொன்றிலிருந்தும் சில துளிகள் எடுத்து அயோடின் இட்டால், முதற்குழாயின் துளிகளில் மட்டும் நீலநிறம் தோன்றாது. அதில் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. பனிக்கட்டிக் குழாயை வெதுவெதுப்பான நீருக்கு மாற்றினால் அதிலும் நொதி வேலையைத் தொடங்கிவிடும். கொதித்த நொதியோ மீளாது. நொதி ஒரு புரதம். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு பழைய நிலைக்குத் திரும்பாததைப் போன்றதே இதுவும்.

ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்கும் ‘பேட்டிங்’ கட்டத்தில் வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துவர். முற்காலத்தில் இதற்கு நாயின் மலம் பயன்பட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம், 1907-இல் தாம் தொடங்கிய நிறுவனத்தின் வாயிலாக, அதற்கு மாற்றாக விலங்குகளின் கணைய நொதிகளைக் கொண்டுவந்தார். நீங்கள் உட்கொள்ளும் கேப்சூலிலும் விலங்குக் கணையத்திலிருந்து பெற்ற நொதிகளே உள்ளன.

ஆகவே, கேப்சூலைப் பிரித்துச் சூடான சோற்றிலோ கஞ்சியிலோ ரசத்திலோ கலக்க வேண்டா. தேநீர், காபியுடன் விழுங்காமல் குளிர்ந்த நீருடன் விழுங்குங்கள், மெல்லவும் கூடாது. உணவின் தொடக்கத்திலும் நடுவிலும் மருத்துவர் கூறியவாறு உட்கொள்ளுங்கள். விழுங்க இயலாத குழந்தைகளுக்குக் கொடுக்கும் முறையை எங்களிடம் கேட்டறியுங்கள்.

வேலூரின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அத்தகைய வெப்பத்தில் நொதிகள் சிறுகச்சிறுக வீரியம் இழக்கும். அடுப்பங்கரை, சன்னலோரம், வண்டிப்பெட்டி ஆகியவற்றைத் தவிர்த்து, உறையில் குறித்துள்ள வெப்பநிலையில், ஈரமற்ற இடத்தில் வையுங்கள்.

இவ்வாறு பேணியும் குறைகள் தொடர்ந்தால், நீங்களாக அளவைக் கூட்டவோ மருந்தை நிறுத்தவோ வேண்டா. மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வாருங்கள். காரணத்தைச் சேர்ந்தே கண்டறிவோம்.