வியட்நாம் மீனுக்கு வங்கதேசத்து விலை

சென்னை உணவகங்களில் ‘பாசா’ என்று கேட்டால் வரும் மீனைப் பார்த்திருப்பீர்கள். முள் கிடையாது, தோல் கிடையாது, வெள்ளை வெளேரென்ற சதை மட்டும். நம் ஆற்றுக் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். இந்த மீனின் ‘நியாய விலை’யைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போட்ட கணக்கு வியக்கவைப்பது.

மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா மாநிலங்களில் குளங்களில் கெளுத்தி வளர்ப்பவர்களை வியட்நாம் மீனின் மலிவு விலை கலங்கடித்தது. முதல் சண்டை பெயரில் தொடங்கியது. அமெரிக்கக் கெளுத்தி அடங்கும் இக்டலூரிடே குடும்பத்து மீன்களை மட்டுமே ‘கேட்ஃபிஷ்’ என்று விற்கலாம் என 2002இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. வியட்நாம் மீன் பாசா, ட்ரா என்ற பெயர்களில் தொடர்ந்து விற்றது. அதே ஆண்டில் பொருள் குவிப்பு வழக்கும் தொடுக்கப்பட்டது.

சொந்த நாட்டில் விற்பதைவிட, அல்லது ஆகும் செலவைவிட, குறைந்த விலைக்கு ஏற்றுமதி செய்வதே பொருள் குவிப்பு. அதனால் உள்ளூர்த் தொழில் பாதிக்கப்பட்டால் கூடுதல் வரி விதிக்க உலக வணிக அமைப்பின் விதிகள் இடம் தருகின்றன. ஒரு கிலோ மீன் 3 டாலருக்கு விற்கப்பட்டது, அதன் இயல்பு விலை 4.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.50 டாலர். 3 டாலரில் அது பாதி என்பதால் வரி 50 சதவீதம்.

அந்த 4.50 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம். வியட்நாம் சந்தைப் பொருளாதார நாடு அல்ல, அங்குள்ள விலைகளை நம்ப முடியாது என்று 2002 நவம்பரில் அமெரிக்க வணிகத் துறை முடிவு செய்தது. ஆகவே வியட்நாம் ஆலையில் ஒரு கிலோ சதைக்கு எத்தனை கிலோ உயிர்மீன், எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு அட்டைப்பெட்டி என்று அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விலையைப் பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்து எடுத்தார்கள். இப்படி விலை கொடுக்கும் நாட்டுக்குப் ‘பதிலி நாடு’ என்று பெயர்.

2003இல் வந்த விடை: நிறுவனத்துக்கு ஏற்ப 36.84 முதல் 63.88 சதவீதம் வரை வரி. பத்தாண்டு கழித்து, வங்கதேசத்துக்குப் பதில் இந்தோனேசிய விலைகளை எடுத்தபோது பல நிறுவனங்களின் வரி மளமளவென ஏறியது. அதே குளம், அதே மீன், அதே ஆட்கள். மாறியது பதிலி நாடு மட்டும்தான்.

இது நமக்கும் அந்நியமான கதையல்ல. 2005இல் அமெரிக்கா இந்திய இறால் மீதும் பொருள் குவிப்பு வரி விதித்தது; பெரும்பாலான ஏற்றுமதியாளர்களுக்கு அது 10.17 சதவீதம். அந்த வரியின் சுமை கடைசியில் பண்ணைக்காரர் கைக்கு வரும் இறால் விலையிலும் இறங்கும்.

அடிமாட்டு விலைக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது உண்மையான அநியாயம். அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். ஆனால் எந்த விலையோடு ஒப்பிடுவது என்பதைப் புகார் வந்த நாட்டின் அரசே தீர்மானித்தால், தராசும் தீர்ப்பும் ஒரே கையில் இருக்கும். ஒரு பொருள் ‘நியாயமற்ற மலிவு’ என்ற செய்தியைப் படித்தால், எந்த நாட்டு விலையோடு ஒப்பிட்டு மலிவு என்று முதலில் கேளுங்கள்.