உங்களுக்குத் தெரியுமா? கத்தி செருகும் காலுறை!

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை ஒன்றுக்குச் சுமார் 8 கஜம் துணி! மடிசாருக்கு ஒரே ஒரு கஜம்தான் குறைச்சல். ஆனால் அந்த உடுப்பின் சூட்சுமமெல்லாம் காலுறையில்தான்!

கில்ட் ஹோஸ் எனப்படும் அந்தக் கம்பளிக் காலுறை முழங்காலைத் தொடவே கூடாது! முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு, மூன்று விரற்கடை இடம் விட்டு நிற்க வேண்டும். மேலே இழுத்துவிட்டால் மானம் போச்சு!

மேல் விளிம்பை மடித்து விடுகிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பகுதியை மட்டும் உள்புறம் வெளியே தெரியும்படி பின்னுகிறார்கள். மடித்ததும் வேலைப்பாடு தானாகவே வெளிப்பக்கம் வந்துவிடும்!

வாங்கும்போது பாதத்தை மட்டும் அளந்தால் போதாது. கெண்டைக்காலையும் அளக்க வேண்டும்! நல்ல கைப்பின்னலில் கெண்டைக்கால் பருத்த இடத்தில் கண்ணிகள் அதிகம். கணுக்காலை நோக்கி இறங்க இறங்க, பின்பக்கம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள்!

காலுறை நழுவாமல் பிடிப்பது கார்ட்டர் என்ற பட்டை. கெண்டைச்சதை பருக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே கட்டிப் பாருங்கள். இறுக்கவே வேண்டாம், சதையே தாங்கிக்கொள்ளும்! பட்டை மடிப்புக்குள் மறைந்துவிடும். எட்டிப் பார்ப்பது ஃப்ளாஷ் எனும் வண்ண நாடா மட்டும். கழற்றும்போது காலில் பள்ளம் விழுந்திருக்கிறதா? பட்டையைத் தளர்த்துங்கள் சார்!

கம்பளி என்றால் வியர்க்கும் என்று யார் சொன்னது? தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமே தெரியாது! அரிக்கிறதா? மெரினோ கம்பளி கேட்டு வாங்குங்கள்.

ஆதியில் இந்தக் காலுறை பின்னலே அல்ல! கட்டம் போட்ட டார்ட்டன் துணியைக் குறுக்காக வெட்டித் தைத்தார்கள். குறுக்கு வெட்டால் கட்டங்கள் டைமண்டாகத் திரும்பின. இன்று உலகமெல்லாம் விற்கும் ஆர்கைல் சாக்ஸின் பாட்டனார் இவர்தான்!

முதல் உலகப்போரில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் படை வீரர்கள் அணிந்த காலுறைக்குப் பாதமே கிடையாது! கெண்டைக்காலுக்கு ஒரு பின்னல் குழாய், பாதத்துக்குத் தனி சாக்ஸ்!

வலது காலுறைக்குள் ஸ்கியன் டூ என்ற குறுங்கத்தி! இடக்கைக்காரர் என்றால் இடது கால். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது அங்கே குற்றம். தேசிய உடையின் பகுதி என்றால் சட்டமே விலக்குத் தருகிறது!

ஆனால் ஒரு காலத்தில் கில்ட்டுக்கே தடை! 1746-ல் வந்த சட்டப்படி கில்ட் கட்டினால் 6 மாதம் சிறை! மறுபடி மாட்டினால் 7 ஆண்டு நாடுகடத்தல்! 1782-ல்தான் தடை நீங்கியது.

தடை போய் 40 ஆண்டுகள். 1822-ல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது அவரே கில்ட் கட்டினார்! கில்ட்டோ குட்டை. அடியில் ரோஸ் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை! ஓவியர் டேவிட் வில்கி அந்த ரோஸை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டு வரைந்தார். நகை, ஆயுதம் எல்லாம் சேர்த்து மன்னர் உடுப்புக்கு வந்த பில் எவ்வளவு தெரியுமா? 1,354 பவுன் 18 ஷில்லிங்!