சிவன்மலைக் கல்லின் வயது

மதுக்கரை அன்பர்களுக்குக் கல் புதிதன்று. தர்மலிங்கேசுவரர் மலையைத் தொழுது வாழும் அவ்வூரில் 1934 முதல் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி வருகிறது. அங்கிருந்து காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலைக்கு வந்த ஒரு குடும்பத்துச் சிறுமி, படியேறும்போது தன் பாட்டனாரைக் கேட்டாள்: "இந்த மலை மேலிருந்து விழுந்ததுங்களா, கீழிருந்து எழுந்ததுங்களா, அப்பாரு?"

கேள்வி சிறிதன்று. திரிபுர சங்காரத்தில் ஈசன் மேருவை வில்லாக வளைத்தபோது சிதறிய சிகரமே சிவன்மலை என்பது தலவரலாறு. நிலவியலாரோ, பூமியின் ஆழத்திலிருந்து மேலேறிய அக்கினிக் குழம்பு வெளியே கொட்டாமல் நிலத்துக்குள்ளேயே மெல்ல உறைந்த பாறை என்கின்றனர். மேலிருந்த மண்ணும் கல்லும் யுகயுகமாகத் தேய்ந்தபின் அது வெளிப்பட்டது.

1901-இல் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் இம்மலைப் பாறைகளைத் தனிக் குடும்பமாகவே வகுத்து எழுதினார். நெப்பிலின் சையெனைட் என்பது அதன் பெயர். சோடியமும் அலுமினியமும் மிகுந்து, மணற்சத்தாகிய சிலிக்கா குறைந்த கல் அது. ஆதலால் நெப்பிலின் உள்ள பாறையில் வெண்படிகக்கல் விளையாது. எஞ்சும் அலுமினியம் சில இடங்களில் குருந்தக்கல்லாகிறது. ஆங்கிலத்தார் 'கொரண்டம்' என்பது நம் குருந்தமே! அதே கல் சிவந்தால் மாணிக்கம், நீலமானால் நீலமணி. நிறமற்ற ஏழைக்கல்லோ சாணை பிடிக்கப் போகும்.

வயதை அறிவித்தது சிர்க்கான் என்னும் கண்ணுக்கு எட்டாச் சிறு படிகம். அது உறையும்போது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கும். யுரேனியத்தின் முக்கிய வகை 447 கோடி ஆண்டுகளில் பாதியளவு ஈயமாக மாறும். ஆகவே உள்ளிருக்கும் ஈயத்தை அளந்தால் காலம் தெரியும். சிவன்மலைக்குக் கிடைத்த விடை, ஏறத்தாழ 59 கோடி ஆண்டு. இமயம் எழத் தொடங்கியதோ சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நீலகிரிப் பாறைகள் இதற்கும் மூத்தவை. அவற்றுக்கு 250 கோடி ஆண்டளவு.

இதைக் கொண்டு புராணத்தை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்துவிட்டது என்று பேசுவோரும் உளர். பொய்ப்பித்துவிட்டது என்போரும் உளர். இருவரோடும் நமக்கு உடன்பாடில்லை. படிகம் சொல்வது கல் உறைந்த காலத்தை மட்டுமே. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியின் முன் கைகூப்பி நிற்பவர் அதைக் கேட்டு வரவில்லை.

பாட்டனார் சிறுமிக்குச் சொன்ன விடை, "எழுந்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க கண்ணு, விழுந்த கதையை மேலே போய்ச் சொல்றேன்" என்பது.

தைப்பூசத் தேர் மலையைச் சுற்றிவரும் பாதையில் நடக்கும் அன்பர்கள், குழிகள் விழுந்த சாம்பல்நிறப் பாறையைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். மழைக்கு நெப்பிலின் முதலில் அரிந்துபோகும். உடனிருக்கும் கனிமங்கள் மேடாய் நிற்கும்.