கிதாரும் பறையும்: சில குறிப்புகள்

ஒரு இசைக்குழு ஒரு தலைமுறையை உருவாக்கிவிட முடியுமா என்று கேட்டால் நம் தோழர்களில் பலர் சிரிப்பார்கள். ‘அடித்தளம் மாறாம பாட்டால என்னய்யா மாறிறப் போகுது?’ திண்டுக்கல் டீக்கடைகளில் இருபது வருடமாக இந்த வாதத்தைக் கேட்டுவருகிறேன். ஒரு காலத்தில் நானே சொன்னதுதான்.

பிராகில் 1968-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்த சில வாரங்களில் தொடங்கப்பட்ட ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்ற ராக் குழு புரட்சிப் பாட்டு எதுவும் பாடிவிடவில்லை. முடி வளர்த்துக்கொண்டு, அரசு அனுமதிக்காத சத்தத்தை எழுப்பினார்கள். 1976-ல் அவர்களைச் சிறைக்கு அனுப்பியபோது எதிர்த்துக் கூடிய எழுத்தாளர்களிடமிருந்துதான் அடுத்த ஜனவரியில் ‘சாசனம் 77’ வந்தது. சத்தத்தைக் கண்டு அதிகாரம் ஏன் பயப்படுகிறது என்பது நம் சித்தாந்தப் புத்தகங்களில் சரியாக எழுதப்படவில்லை.

அது ஐரோப்பிய சமாச்சாரம், இருக்கட்டும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேர் மேடை ஏறினார்கள். குழுவின் பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறையை கிதார் ‘நவீனப்படுத்தியது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிதாருக்கு நம் ஊரில் சாதி கிடையாது, அதை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள்ளும் போகலாம். பறை அப்படியா? அதை யார் அடிப்பது, யார் வீட்டுச் சாவுக்கு அடிப்பது, எங்கே நின்று அடிப்பது எல்லாம் பிறப்பிலேயே எழுதியாகிவிட்டது. இரண்டையும் ஒரே ஒலிபெருக்கியில் சமமாக வைத்தபோது பறையின் ஓசை மாறவில்லை. அதைக் கேட்கும் காதின் சாதிதான் முதல்முறையாக வெளியே தெரிந்தது.

எங்கள் பக்கத்துக் கதை இதற்கு முந்தியது. 1990-களில் இந்தச் சமவெளிக் கிராமங்கள் சிலவற்றில் ‘இனிமே அடிக்க மாட்டோம்’ என்று இளைஞர்கள் நின்றார்கள். எங்க பெரியப்பாவும் அதில் ஒருவர். சாவுக்கும் சாமி கும்பிடுக்கும் போய் நின்று, நெல்லும் சாராயமும் வாங்கியது போதும் என்று பறையைப் பரணில் போட்டார். அதற்கு வாங்கிய அடியின் தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது.

அதே வருடங்களில்தான் திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. முதன்முதலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்க விட்டதை இவங்க எதுக்குத் தூக்குறாங்க? மறுப்பு அரசியலைக் கலை என்ற பெயரில் குலைக்கிறார்கள் என்று கூட்டங்களில் பேசினேன். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது: மறுத்த நாங்கள் எல்லாரும் ஆண்கள். பறை எங்கள் இழிவாகவும் இருந்தது, எங்கள் ஆண் சொத்தாகவும் இருந்தது. பெண் அடித்தபோது இரண்டும் ஒருசேர உடைந்தது. (பின்னாளில் அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படம் எடுத்தார். நம் பத்திரிகைகளுக்கு அதற்குமுன் கண் தெரியவில்லை, இதையும் சேர்த்துத்தான்.) சென்னைக் குழுவின் பத்தொன்பது பேரில் இசைவாணி ஒருவர்தான் பெண் என்பதையும் இதோடு வைத்து யோசிக்கலாம்.

தோல் பதனிட்டுச் சம்பாதித்த ஊர் இது. பணம் வந்த பக்கம் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. இப்போது பறைக்கு ஃபைபர் முகம் வந்துவிட்டது, தீயில் காய்ச்ச வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் காய்ச்சும் நேரத்தில் தீயைச் சுற்றி நடக்கும் பேச்சும் போயிற்று.

சந்தையையும் நம்பிவிடக் கூடாது. 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெல்லாம் ஓடியது. எழுதிப் பாடிய அறிவு, அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் இல்லை. ரஞ்சித்தும் மற்றவர்களும் கேட்ட பிறகுதான் அவருக்கென்று தனியாக ஒரு அட்டை வந்தது. எங்க ஊரிலும் அடித்தவர் பெயரை யாரும் கேட்டதில்லை. கூப்பிடுவது ‘ஏய்’தான்.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், சென்னைக் குழுவைக் கேட்டுத்தான் பறை கற்றான். போன மாதம் மேலத்தெருவில் ஒரு பெரிய சாவு. ‘தம்பி நல்லா அடிப்பாப்லயாமே’ என்று ஆள் வந்தது. ‘மேடை போடுங்க, நோட்டீஸ்ல பேர் போடுங்க, வர்றேன்’ என்றான். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திண்ணையில் இருந்த பெரியப்பா, ‘மேடை போட்டா சாவுக்குப் போயிருவியாடா?’ என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.