கடல் இல்லாத ஊரின் கடல் ஆசிரியர்

பெங்களூரில் கடல் இல்லை. கடலைக் கற்பிக்கும் பேராசிரியர்கள் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் பி.என்.விநயச்சந்திரன் அவர்களில் ஒருவர். 2016 ஜூன் இறுதியில், பருவமழைக் கடல் கொந்தளிக்கும் வேளையில், 'சிந்து சாதனா' கப்பலில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களுக்குத் தலைமை ஏற்று சென்னையிலிருந்து கிளம்பினார்.

வங்கக் கடலின் தெற்கே ஒரே இடத்தில் சுமார் 10 நாள் முகாம். கருவியைக் கடலில் இறக்குவது, ஏற்றுவது, மறுபடி இறக்குவது. நீரின் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகின்றன என்று பார்க்கத்தான் இந்தப் பாடு. தானாக நீந்தி அளக்கும் 5 'கிளைடர்'களும் துணை.

அரபிக்கடலின் உப்பு நீர் இலங்கைக்குத் தெற்கே சுற்றிவந்து இங்கே அடியில் நுழைகிறது. மழைமேகங்களுக்குச் சூடேற்றும் மேற்பரப்பு வெப்பத்தில் அதற்கும் பங்குண்டு. செயற்கைக்கோளின் கண்ணுக்கோ கடலின் மேல்தோல் மட்டுமே தெரியும்.