மூக்கின் மடிப்புகளே அடையாளம்

மலைக் கொரில்லாக்கள் காட்டில் வாழும் இடங்கள் உலகில் இரண்டே. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு கூடும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. உகாண்டாவின் பிவிண்டி காடும் அதன் விளிம்பும் மற்றொன்று.

1967இல் கொரில்லா ஆய்வாளர் டயன் ஃபாஸி இரு விருங்கா எரிமலைகளுக்கு நடுவே கரிசோகே ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். நாசித் துளைகளுக்கு மேலுள்ள மடிப்புகள் கொரில்லாவுக்குக் கொரில்லா மாறுபடும். அவற்றை வரைந்துவைத்தே ஒவ்வொன்றையும் அவர் இனங்கண்டார். இன்றும் இதே முறைதான்.

கொரில்லாக்கள் இரவுதோறும் இலைதழைகளை மடக்கிப் புதுப் படுக்கை அமைக்கும். தடம் தேடுவோர் காலையில் முதலில் தேடுவது அதைத்தான். எத்தனை படுக்கைகள், ஒவ்வொன்றிலும் கிடக்கும் சாணம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் குழுவின் அளவும் உறுப்பினர்களின் வயதும் புலப்படும். பெரிய சாணத்தருகே மிகச் சிறியதும் கிடந்தால், அங்கே தாயும் குட்டியும் உறங்கியிருக்கின்றன. கணக்கெடுப்பின்போது மரபணுச் சோதனைக்கும் சாணமே உதவுகிறது. விலங்கைத் தொடவே வேண்டியதில்லை.

மான்களுக்கு வைத்த கண்ணியில் குட்டிகளின் கை சிக்குவதுண்டு. அன்றாடம் பார்ப்பவர் இருப்பதால்தான் கால்நடை மருத்துவர் உரிய நேரத்தில் வர முடிகிறது. மனிதரின் சளிகூட இவற்றைக் கொல்லலாம். ஆகவே முகக்கவசம் அணிந்து, தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் விருங்காவில் சுமார் 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2015–16 கணக்கெடுப்பில் 604. ருவாண்டாவின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கரிசோகே நிலையம் சிதைந்தபோதும், இயன்றபோதெல்லாம் காட்டுக்குத் திரும்பிய உள்ளூர்த் தடம் தேடுவோருக்கு இந்த உயர்வில் பெரும்பங்கு உண்டு.