ஸ்டென்ட் வச்ச பிறகு லைசென்ஸ் ரினியூவல்: லாரி ஓட்டுற வீட்டுக்கு ஒரு பணக் கணக்கு



"அண்ணே, ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சாச்சு. அடுத்த வருஷம் ஹெவி லைசென்ஸ் ரினியூ பண்ணணும். ஆர்.டி.ஓ.ல சொல்லலாமா, கமுக்கமா இருந்துடலாமா?"

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் டிரைவர்கள்கிட்ட இந்தக் கேள்வி அடிக்கடி வருது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் டிரெய்லர், மணலி ரிஃபைனரி பக்கம் டேங்கர், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளினு இந்த ஏரியாவுல ஆயிரக்கணக்கான வீட்டுக்கு லைசென்ஸ்தான் சோறு. அதனால இதை மருத்துவக் கேள்வியா மட்டும் பார்க்காம, பணக் கேள்வியாவும் பார்ப்போம். வீடியோல சொல்ல நேரம் பத்தாத விஷயங்களையும் இங்க சேர்த்திருக்கேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

இதய நோய் இருந்தாலே லைசென்ஸ் கிடையாதுனு மோட்டார் வாகனச் சட்டத்துல எங்கயும் இல்லை. ஃபார்ம் 1-ல நீங்களே உறுதிமொழி கொடுக்கணும். அதுல முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுத்தல் உண்டா என்பதுதான். கடைசிக் கேள்வி, நீங்க வண்டி ஓட்டினா பொதுமக்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி வேற நோய் இருக்கானு கேட்கும். இதய நோய் இந்த ரெண்டு கேள்விக்குள்ளதான் வரும்.

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ்னாலும், 40 வயசு தாண்டினவங்கனாலும், ஃபார்ம் 1ஏ-ல டாக்டர் சான்றிதழ் வேணும். ஸ்டென்ட் வச்சு, நெஞ்சு வலியோ மயக்கமோ இல்லாம நல்லா இருக்கிறவருக்கு டாக்டர் தகுதினு கையெழுத்துப் போட வாய்ப்பு இருக்கு. அடிக்கடி தலை சுத்துறவருக்குப் போட மாட்டார், போடவும் கூடாது.

காலக்கெடுவையும் பார்த்துக்கோங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். பெட்ரோல், கெமிக்கல் மாதிரி அபாயகரமான சரக்கு ஏத்துறதுக்கு 3 வருஷம்தான். காலாவதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரினியூவலுக்கு விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடியும் டெஸ்ட் ஓட்டிக் காட்டணும்.

மறைச்சா என்ன நஷ்டம்?

"ஃபைன் எவ்வளவு?"னுதான் எல்லாரும் கேட்கிறாங்க. ஓட்டத் தகுதி இல்லாத நோய் இருக்குனு தெரிஞ்சே ஓட்டினா, பிரிவு 186-படி முதல் தடவை ரூ.1,000 வரை, அடுத்த தடவை ரூ.2,000 வரை. பெரிய தொகை இல்லைதான். ஆனா உண்மையான நஷ்டம் வேற இடத்துல இருக்கு.

பொய்த் தகவல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியிருந்தா, பிரிவு 19-படி அதையே ரத்து செய்யலாம். டாக்டர்கிட்ட போகப் பயந்து ரினியூவலையே தள்ளிப்போட்டு, செத்த லைசென்ஸோட ஓட்டி விபத்து ஆனா இன்னும் மோசம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பணம் கொடுத்துட்டு, தப்பு வண்டி ஓனர் மேலனு நிரூபணமானா அவர்கிட்டயே வசூல் பண்ணலாம். 2004-ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. சொந்தமா ஒரு டிரெய்லர் வாங்கி இ.எம்.ஐ. கட்டுற ஓனர்-டிரைவருக்கு, அது வண்டியும் வீடும் சேர்ந்து போற விஷயம்.

ஓட்டாத மாசங்களுக்குக் காசு எங்கே?

பலர் மறைக்கிறதுக்குக் காரணம் பேராசை இல்லை. ரெண்டு மாசம் வண்டி எடுக்கலைனா அடுப்பு எரியாது, அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் இத்தனை வாரம் ஓட்டக் கூடாதுனு நம்ம சட்டத்துல கணக்கு கிடையாது. டாக்டர் சொல்றதுதான் கணக்கு. ஒரு அளவுகோலுக்கு பிரிட்டனைப் பாருங்க. அங்க ஆஞ்சியோபிளாஸ்டி நல்லபடியா முடிஞ்சா கார் டிரைவருக்கு ஒரு வாரம் ஓய்வு. லாரி, பஸ் டிரைவருக்குக் குறைஞ்சது 6 வாரம், அதுக்கு மேல டிரெட்மில் மாதிரி ஒரு டெஸ்டும் பாஸ் பண்ணணும். ஷாக் கொடுக்கிற ஐ.சி.டி. கருவி வச்சவருக்கு அங்க லாரி லைசென்ஸே கிடையாது. காரையும் லாரியையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாதுனு இதிலிருந்து புரியும்.

அப்போ குறைஞ்சது 3 மாசச் செலவு கையில இருக்கணும். வீட்டுச் செலவு ரூ.22,000, இ.எம்.ஐ. ரூ.18,000னு வச்சுக்கோங்க. மூணு மாசத்துக்கு ரூ.1,20,000. இதை ஒரே நாள்ல சேர்க்க முடியாது. மாசம் ரூ.5,000 போட்டா ரெண்டு வருஷம். இன்னைக்கு நெஞ்சுல எந்தக் கோளாறும் இல்லாதவங்களும் ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சு வச்சுக்கோங்க.

அதோட இதையும் பாருங்க:

1. இ.எஸ்.ஐ.: சம்பளம் ரூ.21,000 வரை இருந்து கம்பெனி பிடித்தம் செய்தா, நோய்க்காலத்துல சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதுக்கு முந்தின பங்களிப்புக் காலத்துல 78 நாள் பிடித்தம் இருக்கணும். சில தீவிர இதய நோய்களுக்கு 80 சதவீதம் கொடுக்கிற நீட்டிப்பும் உண்டு. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்துலயே இருக்கு.

2. முதலமைச்சர் காப்பீடு: குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.1,20,000-க்குள்ள இருந்தா ரூ.5 லட்சம் வரை. ஸ்டான்லி போற மாதிரி இருந்தா கார்டைக் கையில எடுத்துட்டுப் போங்க.

3. ரெண்டு சின்ன பாலிசி: ரூ.20 கட்டுற சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டும்தான், ஹார்ட் அட்டாக் மரணத்துக்கு வராது. ரூ.436 கட்டுற ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால மரணம் ஆனாலும் ரூ.2 லட்சம் தரும். 50 வயசுக்குள்ள சேரணும். சேர்ந்த முதல் 30 நாளுக்குள்ள நோயால இறந்தா கிடைக்காது. பலர் முதல் பாலிசியை மட்டும் எடுத்துட்டு நிம்மதியா இருக்காங்க.

4. டெர்ம் இன்சூரன்ஸ்: ஸ்டென்ட்டை மறைச்சு எடுக்காதீங்க. முதல் 3 வருஷத்துக்குள்ள கிளெய்ம் வந்தா கம்பெனி தோண்டும்.

வீட்டம்மாவுக்கு ஒரு தகவல்

டெல்லியிலிருந்து 1,100 கி.மீ.க்கு மேல லாரி ஓட்டிட்டுப் போன டிரைவர் ஒருத்தர், வழியில முடியலைனு வண்டியை ஓரங்கட்டி, அங்கேயே மயங்கி இறந்துபோனார். வேலையோட அழுத்தத்தால வந்த மரணம்தான், இழப்பீடு கொடுக்கணும்னு 2012 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. அதனால "அட்டாக்தானே, விபத்து இல்லையே"னு முதலாளி கைவிரிச்சா நம்பிடாதீங்க. டிரிப் ஷீட், சம்பள ரசீது, ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

டாக்டர் "ஹெவி வேண்டாம்"னு சொல்லிட்டா?

ஆர்.டி.ஓ. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். இன்னொரு வழியும் இருக்கு. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ்லயே 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம். ராத்திரி டிரெய்லருக்குப் பதிலா பகல்ல லோடு ஆட்டோ. வருமானம் குறையும், நிக்காது. ஆனா இதுக்கும் டாக்டர் சரினு சொல்லணும்.

ரினியூவல் தேதியை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ள வருதுனா, முதல்ல கார்டியாலஜிஸ்ட், அப்புறம் ஃபார்ம் 1ஏ, கடைசியா ஆர்.டி.ஓ. இந்த வரிசையில போனா, ஒருவேளை பதில் "இல்லை"னு வந்தாலும் வேற வேலை பார்க்க உங்களுக்கு மாசங்கள் இருக்கும்.